மூன்றாம் ஓலைக்கு முன்

1

"போ பாப்பா. படிச்சவள யாரு புடிச்சு நிறுத்த முடியும். ஆனா அந்தக் குளுருல ரெண்டு வருசம் இருந்தீன்னா சாமிய விட்டுடுவ. பாத்துக்கினே இரு."

நான் ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று காலை எங்கள் பங்குக் கோயில் வாசலில் நின்று பெரியப்பா இதைச் சொன்னார். அப்பாவின் அண்ணன். கெலமங்கலத்துக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர்க் கோயிலில் மணி அடிப்பது, பீடத்துத் துணி மாற்றுவது, மெழுகுத்திரி ஏற்றுவது எல்லாம் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. சிலுவைப்பாதையின் எல்லாத் தலங்களையும் புத்தகம் இல்லாமல் சொல்வார். யார் கோயிலுக்கு வரவில்லை, யார் நற்கருணை வாங்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது.

அவர் சொன்னது எனக்குத் தைத்தது. குளிரைப் பற்றி எத்தனையோ பேர் பயமுறுத்தியிருந்தார்கள். அது உறைக்கவில்லை. இது உறைத்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ராயக்கோட்டை மண்டியில் தக்காளி கிரேட் ஏற்றுகிறவர். அம்மா ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போகிறவர். அவர்களுக்குப் பிறந்து, இன்ஜினியரிங் முடித்து, ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்து, மேற்படிப்புக்கு இடம் வாங்கி நானே கிளம்பினேன். இதைச் சொல்லும்போது எனக்கு அடக்கம் வருவதில்லை. வர வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

படிப்புக்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை கோயிலில்தான். ஏழாவது படிக்கும்போதே என்னை வாசக மேடையில் ஏற்றிவிட்டார்கள். பூசை முடிவில் அறிவிப்புகளை வாசிப்பேன். கல்யாண ஓலையும் வாசிப்பேன். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இது தெரிந்திருக்காது. எங்களில் ஒரு கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு, பெண் மாப்பிள்ளை பெயரையும் அவர்களுடைய அப்பா அம்மா பெயரையும் சபைக்கு முன்னால் வாசிக்க வேண்டும். அதுதான் ஓலை. கடைசியில் ஒரு வரி வரும். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருப்பது யாருக்காவது தெரிந்தால், அவர்கள் பங்குச் சாமியாரிடம் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது அதன் சாரம்.

எனக்குத் தெரிந்து யாரும் எதையும் சொன்னதில்லை. அந்த வரியை வாசித்துவிட்டுத் தாளை மடிப்பேன். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கடைசிப் பாட்டு தொடங்கும். ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

2

பெரியப்பா சொன்னது பலிக்கவில்லை.

வந்த முதல் வாரம் இங்கே நகராட்சி அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் முகவரி, பிறந்த ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, மதம் என்ன என்றார். நம் ஊரில் ஒரு அலுவலகத்தில் இதைக் கேட்டால் எதற்குக் கேட்கிறார்கள் என்று முதலில் யோசிப்போம். இங்கே நிமிர்ந்து உட்கார்ந்து கத்தோலிக்கம் என்று சொன்னேன். பிறகு வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வந்தபோதுதான் அதில் கோயில் வரி என்று ஒரு தொகையைப் பிடித்திருந்தது தெரிந்தது. கூட வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்கள், மதம் இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று சிரித்தார்கள். நான் மாற்றவில்லை. ஃபோனில் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சம்பளத்துலயே புடிச்சுக்கறாங்களா? அப்ப ஒழுங்கான ஊருதான்."

நான் இருப்பது தெற்கே ஒரு சிற்றூர். கியர் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரச் சோதனை வேலை. ஞாயிறு காலை ஊர்க் கோயிலில் பாடகர் குழுவில் பாடுவேன். பெஞ்சுகளில் பாதி காலியாக இருக்கும். வந்திருக்கிற தலைகள் எல்லாம் நரைத்திருக்கும். மாதம் ஒருமுறை பக்கத்து நகரத்தில் தமிழ்ப் பூசை உண்டு. பெரும்பாலும் ஈழத்துக் குடும்பங்கள் வரும். பிள்ளைகள் கடைசி வரிசையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாய் தமிழில் அதட்டினால் ஜெர்மனில் பதில் வரும். பூசைக்குப் பிறகு தேநீர் குடிக்கும்போது இந்த நாட்டில் ஆணும் ஆணும் பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்வது பற்றிப் பேச்சு வந்துவிடும். ஒருமுறை ஒரு அக்கா, "நல்ல வேளை, எங்கட ஆக்களிட்ட உது இல்ல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனேன்.

ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்ததும் அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு எங்கள் ஊர்ப் பூசையின் பதிவை ஃபோனில் போடுவேன். கொரோனாக் காலத்தில் கோயிலை மூடியபோது வைத்த கேமரா அது. கோயில் திறந்த பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. பின்பக்கத் தூணில் இருப்பதால் முதுகுகள்தான் தெரியும். அப்பாவின் முதுகு எனக்குத் தெரியும், கிரேட் தூக்கித் தூக்கி வலது தோள் தாழ்ந்திருக்கும். பெண்கள் பக்கம் அம்மாவின் முக்காடு. ஒவ்வொரு வாரமும் இரண்டும் அதே இடத்தில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டால் எனக்கு அந்த வாரம் ஓடிவிடும்.

போன மாதம் ஒரு ஞாயிறு அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு முக்காடு இருந்தது. என் தங்கை சகாயமேரி. அவள் ஓசூரில் வேலை பார்க்கிறவள், பூசைக்கும் அங்கேதான் போவாள். லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன். அறிவிப்புகள் வந்தன. இப்போது வாசிக்கிற பெண்ணை எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் வாசித்தாள். முதல் ஓலை என்று சொல்லி ஒரு மாப்பிள்ளை பெயரை வாசித்தாள், பிறகு என் அப்பா பெயர், அம்மா பெயர், அவர்கள் இளைய மகள் சகாயமேரி.

சோறு பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் பதிவைப் பின்னால் தள்ளித் திரும்பக் கேட்டேன். கடைசி வரியை அந்தப் பெண் வாசித்தபோது சகாயாவின் முக்காடு அசையவே இல்லை.

3

சகாயாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டாவது முடித்ததும் ஓசூர்ப் பக்கம் ஃபோன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி விடுதியில் இவளுக்கு மேல் கட்டில் கிடைத்தது. கீழ்க் கட்டிலில் பவித்ரா. பேரிகைப் பக்கம் நிலம் நீர் உள்ள தெலுங்குக் குடும்பத்துப் பெண். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவள். பிறகு இரண்டு பேரும் விடுதியை விட்டு ஓசூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போனபோது அந்த அறைக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு. சுவரில் எங்கள் வீட்டுச் சிலுவை, அதற்குப் பக்கத்து ஆணியில் பவித்ராவின் பெருமாள் படம். பவித்ரா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தவக்காலம் என்பதால் முட்டை போடவில்லை என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள். சகாயாவோடு சேர்ந்து அவளும் அந்த நாற்பது நாளும் கவிச்சி தொடுவதில்லையாம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிற சகாயாவை ஞாயிறு பூசைக்கு அலாரம் வைத்து எழுப்பி, வண்டியில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கிவிடுவதும் அவள்தான்.

தோழிகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சகாயா அதை ரொம்ப நேரம் நினைக்கவிடவில்லை. பிளேட்டை என் முன்னால் வைத்துவிட்டு நேராகவே சொல்லிவிட்டாள். நான் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீ இருக்கிற ஊருல ரெண்டு பொம்பளைங்க கல்யாணம் கட்டிக்கலாமாமே. நெசமா?"

"சட்டம் அப்படி. கோயில் அப்படி இல்ல."

"நான் சட்டத்தயும் கேக்கல, கோயிலயும் கேக்கல. நீ இன்னா நெனைக்கிறன்னு கேட்டேன்."

நான் வாய் திறப்பதற்குள் பவித்ரா தோசையைத் திருப்பிப் போட்டாள். "அக்காவ தின்ன வுடு மே. நாலு தோசை உள்ள போனாதான் அவ்ளோ பெரிய கேள்விக்கு பதில் வரும்."

மூன்று பேரும் சிரித்தோம். நான் நாலு தோசை சாப்பிட்டேன். பதில் வரவில்லை. பஸ் ஏறும்போதும் வரவில்லை.

4

வராததற்குக் காரணம் உண்டு. அதை மழுப்ப விரும்பவில்லை.

எனக்கு விசுவாசம் என்பது சட்டை போல மாட்டிக் கழற்றுவதாக இருந்ததில்லை. எங்களை வேறு எந்த வாசலிலும் நிமிர்ந்து நிற்கவிடாத காலத்தில் எங்கள் ஆட்களை உட்காரவைத்த இடம் கோயில். என்னை வாசிக்கவைத்த இடமும் அதுதான். அது கல்யாணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் அதை நம்பினேன். நம்புகிறேனா என்று இப்போது கேட்டால், அதை நம்பிய இடம் இன்னும் என்னிடம் இருக்கிறது, காலியாக இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவர் மார்த்தா. பாடகர் குழுவில் எனக்குப் பின்னால் நின்று பாடுகிறவரும் அவர்தான். நான் ஜெர்மன் பேசக் கற்றது பாதிக்கு மேல் அவரிடம். போன வருடம் அவரும், அவரோடு பல காலம் ஒரே வீட்டில் இருந்த கிறிஸ்டாவும் நகராட்சியில் கல்யாணம் பதிவு செய்துகொண்டார்கள். அதற்குப் போய்ப் பூங்கொத்துக் கொடுத்தேன். அது அரசாங்கக் காரியம், எனக்கு உறுத்தவில்லை. அடுத்த வாரம் கோயிலில் சாமியார் அவர்களுக்கு ஆசீர்வாதம் கொடுத்தார். பாடகர் குழு பாட வேண்டும். நான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மார்த்தா முதல் வரிசையிலிருந்து அதைப் பார்த்தார்.

மறுநாள் என் மேசையில் ஒரு கேக் துண்டு இருந்தது. "நீ பாடாதது எனக்குத் தெரியும். கேக்கைச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

இங்கத்துச் சாமியாரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, கடவுள் அன்பாக இருக்கிறார், நீ ஏன் கவலைப்படுகிறாய் என்றார். பெரியப்பாவிடம் ஒருமுறை பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அது நரகத்துக்குப் போகிற வழி, அதைப் பேசவே பேசாதே என்றார். இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கு மட்டும்தான் இருக்கிறது. முழங்காலில் நின்றால் தமிழில் செபம் வருகிறது, எழுந்தால் ஜெர்மனில் வாதம் வருகிறது. இரண்டும் சந்திப்பதில்லை.

மார்த்தாவின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது கிறிஸ்டா அவரைத் தாங்கிப் படியேற்றியதைப் பார்த்திருக்கிறேன். கோயில் வாசலில் வண்டியை ஓரம் கட்டி, பூசை முடியும்வரை வெயிலில் நிற்கிற பவித்ராவையும் பார்த்திருக்கிறேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சாமியிடம் சொல்ல முடியாது. அவருக்குத் தெரியும்.

5

முதல் ஓலையைக் கேட்ட அன்றே வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அம்மாதான் எடுத்தார். உனக்கு லீவு கிடைக்காது, எதற்குத் தொந்தரவு என்றுதான் சொல்லவில்லை என்றார். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் எல்லாம் வந்தது. ஓசூர் அறையின் வீட்டுக்காரம்மா ஏதோ பார்த்து, தெரிந்தவர்கள் மூலம் அப்பா காதில் போட்டுவிட்டார். அப்பா மண்டியிலிருந்து மினி லாரியோடு போய், சகாயாவைக் காலி கிரேட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். அவள் ஃபோன் அப்பாவின் சட்டைப் பையில். வேலையை விடச் சொல்லியாகிவிட்டது. கோயிலுக்கு மட்டும் அம்மாவோடு போகலாம்.

"கண்ணாலம் ஆனா எல்லாம் சரியாப் பூடும்" என்றார் அம்மா. மாப்பிள்ளை சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவராம். தங்கமான பையன், அவருக்கு இதெல்லாம் தெரியாது, நீ உளறி வைக்காதே என்றார்.

தங்கையிடம் கொடுக்கச் சொன்னேன். நல்லா இருக்கேன்கா, சாப்ட்டியா, அங்க குளுரா என்று ஒப்பித்தாள். அம்மா பக்கத்தில் நிற்பது தெரிந்தது. நான் விடாமல் குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடித்தது. அம்மா அடுப்படிக்குப் போயிருக்க வேண்டும். சகாயாவின் குரல் தாழ்ந்தது.

"அக்கா, எனக்கு இது வேணாம். சாமியார் கேட்டா சம்மதம்னு சொல்லணுமாம். சொல்லலன்னா அம்மா மருந்து குடிச்சிடும்னு அப்பா சொல்றார்."

"பவித்ரா?"

"தெரில. ஃபோன் இல்ல." உடனே கேட்டாள். "நீதான சின்னதுல ஓலை வாசிச்ச. கடைசில ஒண்ணு சொல்லுவியே. அதுக்கு அர்த்தம் இருக்குதா, சும்மா வாசிக்கிறதா?"

அம்மா திரும்பி வந்துவிட்டார். சகாயா, "சரிக்கா, உடம்ப பாத்துக்க" என்று வைத்துவிட்டாள்.

என் வாழ்க்கையில் யாரும் என் படிப்பைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த வரியை எத்தனை பேருக்காக வாசித்திருப்பேன். அந்த மேடையில் நின்று அவளுக்குக் கேட்கும்படி வாசித்தவள் நான். அதை அவள் நம்பியிருக்கிறாள்.

6

உடனே கிளம்பலாம் என்றால் முடியாது. என் தங்கும் அனுமதி அட்டை முடிந்துபோய்ப் புதியதற்கு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். அது வருவதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டுமானால் தனியாக ஒரு சான்று வாங்க வேண்டும். அதை வாங்க நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். நேரம் குறிக்கப் போனால் அடுத்த மாதம் வா என்கிறார்கள். கவுண்டரில் இருந்தவரிடம் வீட்டில் அவசரம் என்றேன். சாவா என்று கேட்டார். இல்லை, கல்யாணம் என்றேன். வாழ்த்துச் சொன்னார்.

எங்கள் பங்குச் சாமியாருக்கு ஃபோன் செய்தேன். அவர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. என்னைத் தெரியாது. யார் மகள் என்று சொன்னேன். ஓலைக்குத் தடை சொல்ல வேண்டும் என்றேன். அப்படி ஒரு ஃபோன் அவருக்கும் வந்திருக்காது.

"என்ன தடை?"

"அவளுக்குச் சம்மதம் இல்ல ஃபாதர். மிரட்டி வெச்சிருக்காங்க."

இது குடும்பப் பிரச்சினை, பெற்றவர்களிடம் பேசு என்றார். அப்பா ஏற்கெனவே அவரிடம் பேசியிருந்தது பிறகு வெளிவந்தது. பவித்ராவைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப அதுதான் சரின்னு சொல்றியா அம்மா? ஒரு கத்தோலிக்கப் பொண்ணா இருந்துக்கிட்டு?"

"அத நான் இன்னும் சாமிகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன் ஃபாதர். இப்ப உங்ககிட்ட கேக்கறது வேற. பீடத்துக்கு முன்னாடி அவளப் பொய் சொல்ல வெச்சா, அது கல்யாணமா? ஒண்ணும் தெரியாம பக்கத்துல நிக்கிற அந்தப் பையனுக்கு அது கல்யாணமா?"

பார்க்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறு நான் பாடகர் குழுவுக்குப் போகாமல் காலையிலிருந்தே ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறிவிப்புகள் வந்தன. இரண்டாம் ஓலையும் வாசிக்கப்பட்டது. அதே பெயர்கள். அதே கடைசி வரி. பிறகு பாட்டு.

அன்று எனக்கு வந்த கோபம் அதற்கு முன் வந்ததில்லை. மறுபடி அழைத்தேன். சாமியார் தன் வேலைகளைச் சொன்னார், கூட்டங்களைச் சொன்னார். நான் குறுக்கே பேசினேன். சாமியாரிடம் குறுக்கே பேசுவது எங்கள் ஊரில் நடக்காத காரியம்.

"ஃபாதர், போன வாரம் வரைக்கும் இது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும். இனி அந்தக் கடமை எனக்கு மட்டும் இல்ல."

"நீதான் சொன்னன்னு உங்க அப்பாகிட்ட சொல்ல வேண்டி வரும்" என்றார்.

"சொல்லுங்க" என்றேன். என் பெயரை முழுதாகச் சொன்னேன், ஞானஸ்நானப் பெயரோடு.

7

அந்த வாரம் சாமியார் சகாயாவை மட்டும் தனியாகத் தன் பங்களாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அம்மா வெளியே பெஞ்சில். உள்ளே என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. "வேணாம்னு சொல்லிட்டா. அழல" என்று மட்டும் சாமியார் எனக்கு ஃபோனில் சொன்னார். ஓலை இனி இங்கே வாசிக்கப்படாது, அதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். வேண்டாம் என்று சொன்ன பெண், வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவோடு அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனாள். போக வேறு இடம் யார் வைத்திருந்தார்கள்?

மூன்றாம் ஞாயிறு. அறிவிப்பில் தெருவாரியான அன்பியச் செபக் கூட்டம், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு, பிறகு ஓலை. வேறொரு ஜோடியின் பெயர்கள். எங்கள் வீட்டுப் பெயர் இல்லை. கோயிலில் ஒரு சலசலப்பு. மூன்றாவது வரிசையில் அந்தத் தாழ்ந்த தோள் எழுந்தது. கடைசி ஆசீர்வாதத்துக்கு முன் அப்பா எழுந்து போய் நான் பார்த்ததில்லை. நடுவழியில் கேமராவை நோக்கி நடந்து வந்தார். அத்தனை வருடத்தில் அந்தப் பதிவில் அப்பாவின் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அப்பா என்னை அழைக்கவில்லை. நான் அழைத்தால் எடுக்கவில்லை. அம்மா ஒருமுறை எடுத்து, என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுட்டியே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா அழைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். பின்னால் கோயில் புறாக்களின் சத்தம் கேட்டது.

"சாமிய விட்டுடுவன்னு அன்னிக்கு சொன்னேன்."

"விடல பெரியப்பா."

"தெரியுது. விட்டிருந்தாலே நல்லாயிருந்திருக்கும் பாப்பா."

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மெதுவான குரலில், அப்பா வேறொரு சபைப் போதகரிடம் பேசிவிட்டதைச் சொன்னார். அங்கே ஓலை கிடையாதாம். மாப்பிள்ளை வீட்டுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தாகிவிட்டது. வருகிற வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம்.

"நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார். ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டாலும் அவர் சொல்லப் போவதில்லை.

8

அட்டை அலுவலகத்துக்கு மறுபடி போனேன். போவதை யாரும் தடுக்க முடியாது, திரும்பி உள்ளே வர முடியுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். வேலையிடத்தில் சொன்னேன். மேலாளர், யோசித்துச் செய் என்றார். யோசிக்க நேரமில்லை. படிப்பு, வேலை, ஊரில் எங்களைப் பார்த்து வணக்கம் சொல்கிறவர்களின் வணக்கம் எல்லாம் அந்த அட்டையில்தான் இருந்தது. பழைய அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

மார்த்தா காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காரை நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"இப்போதாவது சொல். எனக்கும் கிறிஸ்டாவுக்கும் நடந்தது கல்யாணமா இல்லையா?"

"சட்டப்படி ஆமாம்."

"அவ்வளவுதானா?"

"மீதியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

மார்த்தா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இறக்கிவிடும்போது என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். ஊரில் பெரியப்பா போடுவதுபோலவே இருந்தது.

இந்தக் கடைசிப் பகுதியை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெங்களூரில் இறங்கி, அத்திப்பள்ளி தாண்டி, காலையில் வந்து சேர்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் கூடையோடு உட்கார்ந்து ஃபோனில் கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலம்மாவிடம் பேசியிருக்கிறேன். சகாயா மேஜர், அவள் இருக்க விரும்புகிற இடத்தில் இருக்கலாம், யாரும் பூட்டி வைக்க முடியாது என்றார். வாசலில் தகராறு ஆனால் உடனே கூப்பிடச் சொன்னார். அவள் என்னோடு வருவாளா, பவித்ராவோடு போவாளா, அம்மாவின் அழுகையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவாளா என்று எனக்குத் தெரியாது. வாயிலைத் திறந்துவைப்பது மட்டும்தான் என்னால் முடியும். அம்மா என்ன செய்துவிடுவார் என்ற பயம் மட்டும் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கேட்ட கேள்விக்கும் நான் பதில் கொண்டுவரவில்லை. அவள் மறுபடி கேட்டால், தெரியவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன். தெரியாமலே ஒருத்திக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம் என்பது இந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

பவித்ராவை அவள் கம்பெனி மூலம் தேடிப் பிடித்துப் பேசிவிட்டேன். இன்று அவளுக்கு முதல் ஷிஃப்ட். முடிந்ததும் வண்டியோடு இங்கே வந்துவிடுவாள். ஒரு மணி நேரம் முன்பு அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். இந்திய எண் என்பதால் எடுத்துவிட்டார். ஓசூர் வந்துவிட்டேன், சாயங்காலத்துக்குள் வீட்டில் இருப்பேன், சகாயாவைத் துணிமணி எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்றேன். மண்டிச் சத்தம் கேட்டது. ஏலம் கூவுகிறார்கள், யாரோ கிரேட்டை இறக்குகிறார்கள். பிறகு அப்பா குரல் வந்தது.

"தனியா வா."

"தனியா வரலப்பா" என்றேன்.